சுகிர்தாவின் குசினிக்குள்ளால் போன பாதை

நம்பாதவர்கள் நெதர்கோமுக்குப் போய், சுகிர்தாவின் சமையலறையில், பிரிட்ஜ் கதவில் திருகாணி போட்டு இறுக்கியிருக்கிற அந்த மஞ்சள் அம்புக்குறியைப் பார்த்துவிட்டு வந்து பிறகு என்னோடு கதைக்கட்டும். ஆற்றுக்குப் போகிற பொதுப்பாதை அவளுடைய குசினிக்குள்ளால் போகத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். செவ்வாய் அந்த ஊரில் பச்சைக் குப்பைத்தொட்டியை வெளியே வைக்கிற நாள் என்பதால் எல்லாருக்கும் அது நல்ல ஞாபகம். பாதை ஏன் வந்தது, எப்படி வந்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது, அப்படித் துருவிக் கேட்பது அங்கே மரியாதையும் இல்லை.

நெதர்கோம் இங்கிலாந்தின் மேற்கே, கிழமைக்கு ஒருக்கால் பஸ் எட்டிப்பார்த்துவிட்டுப் போகிற ஊர். ஒரு சேர்ச், ஒரு பப், ஒரு சிவப்புத் தபால்பெட்டி, நிறையச் செம்மறி, மிச்சமெல்லாம் அமைதி. லண்டன் ஹரோவில் பெட்ரோல் செட் நடத்திக் களைத்துப்போன சுகிர்தாவும் அவள் புருஷன் அருந்தவமும் அந்த அமைதிக்காகத்தான் அங்கே வந்து கல்லு வீடு ஒன்றை வாங்கினார்கள். சண்டைக்காலத்தில் பிறந்த ஊரில் விழுந்த ஷெல் எல்லாம் இன்னும் தன் காதுக்குள் விழுந்துகொண்டிருக்கிறது என்று அருந்தவம் சொல்வான். நெதர்கோமில் முதல் நாள் வாசலில் நின்று, "இஞ்ச ஒண்டும் கேக்கேல்லை சுகி" என்று சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தான். கொஞ்சக் காலம்தான் அந்தக் கொடுப்பினை, ஒரு பனிக்காலத்தில் நெஞ்சைப் பொத்திக்கொண்டு போய்விட்டான். சாம்பலை அவள் அந்த ஆற்றில் கரைக்கப் போனபோது, சேர்ச்சில் தொடங்கி வயலுக்குள்ளால் இறங்கி ஆற்றுக்குப் போகிற அந்தப் பழைய ஒற்றையடிப் பாதையில், ஊரே கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஒரு சொல்லும் பேசாமல் அவளுக்குப் பின்னால் நடந்து வந்தது. அதற்காக அவர்களை அவளுக்குப் பிடித்திருந்தது.

பிறகுதான் பெல்லமி வந்தார். பெரிய வீட்டையும் அதோடு சேர்ந்த வயலையும் லண்டன் காசில் வாங்கிய மனுஷன்; இருக்கிற அமைதி போதாதென்று இன்னும் அமைதி வேண்டுமென்றார். பாதை வயலுக்குள் இறங்குகிற இடத்தில் முள்கம்பி இழுத்துக் கட்டி, 'கவனம், குத்துகிற காளை' என்று ஒரு பலகையும் நட்டுவிட்டார்.

அந்த வயலில் காளையும் இல்லை, கன்றும் இல்லை. அது ஊர் முழுக்கத் தெரியும். ஆனால் காளை இல்லை என்று சொன்னால் பெல்லமி பொய்யர் என்று சொன்னதாகிவிடும், நெதர்கோமில் ஒருவன் அடுத்தவன் பெண்சாதியோடு ஓடிப்போனாலும் கொஞ்ச நாளில் மன்னிப்பார்கள், ஒருவரைப் பொய்யர் என்று முகத்துக்கு நேரே சொன்னவனை மன்னிக்கமாட்டார்கள். ஆகவே இல்லாத காளையை எல்லாரும் மரியாதையாக நம்பினார்கள். பழைய தபால்காரர் அலன், வெயில் காலத்தில் அது பாவம் நிழலுக்குள் படுத்திருக்கும் என்றார். ஊர்ச்சபைத் தலைவி மார்ஜரி, பக்கத்து வீட்டுக்காரி, நல்ல மனுஷி, காளையைக் கண்டால் ஓடக்கூடாது என்று ஊர்ப் பத்திரிகையில் அறிவுரை எழுதினாள். சுகிர்தாவும் ஒரு அமாவாசைக்குக் கையில் பூவோடு போய், கம்பியைக் கண்டு நின்று, வந்து குடியேறின இடத்தில் வாய் காட்டக்கூடாது என்று அருந்தவம் எப்போதும் சொல்லிவந்ததை நினைத்து, பூவைக் கம்பிக்கு இந்தப் பக்கமே வைத்துவிட்டு வந்து குசினியில் இருந்து அழுதாள்.

அதற்கடுத்த செவ்வாய்தான் அது நடந்தது. தேத்தண்ணி போட என்று படியால் இறங்கி வந்தவள், முன்கதவு அகலத் திறந்திருப்பதைக் கண்டாள். வாசல்படியால் ஏறி ஒரு பாதை உள்ளே வந்திருந்தது. கால்கள் மிதித்து மிதித்து இறுகின மண், நடுவில் மழைத்தண்ணி தேங்கின குழி, இரண்டு கரையிலும் புல்லும் காஞ்சொறியும் சின்ன வெள்ளைப் பூவும், நேரே வந்து, பிரிட்ஜைத் தாண்டி, அடுப்புக்கும் மேசைக்கும் நடுவால் நெளிந்து, பின்கதவால் இறங்கித் தோட்டத்தைக் கடந்து, நேற்றுவரை ஒரு நாய்கூட நுழைய முடியாமல் முட்பற்றையாய்க் கிடந்த சரிவை வகிர்ந்துகொண்டு ஆற்றங்கரைக்குப் போயிருந்தது. தோட்டத்து வேலியில், ஏறிக் கடக்கிறதற்கு மரத்தில் ஒரு கடப்பும் இருந்தது. அது புதுக் கடப்பு இல்லை, பாசி பிடித்த பழைய கடப்பு.

"கோதாரி" என்றாள் சுகிர்தா. ஆனால் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தாள், ஏனென்றால் அதற்குத்தானே வந்தவள்.

கேத்தல் கொதிக்க முதல் அலன் நாயோடு வந்துவிட்டார். வாசலில் தொப்பியைத் தூக்கினார். "நல்ல காலை. ராத்திரி மழைக்கு நிலம் கொஞ்சம் வழுக்குது என்ன?" என்று சொல்லி, அவளுடைய குசினிக்குள்ளால் நடந்து, முந்தின இரவுக் கறியின் மணத்தை ஒருதரம் மூச்சிழுத்து, பின்கதவால் போனார். அவருக்குப் பின்னால் சோடியாக இரண்டு பெண்கள், அவர்களுக்குப் பின்னால் பாதிரியார் ஜூடித் அம்மா. எல்லாரும் மன்னிப்புக் கேட்டார்கள், ஒருவரும் நிற்கவில்லை. ஆற்றைப் பார்க்காமல் எத்தனை மாதம் இருந்த சனம், அவர்களும் என்ன செய்வார்கள்.

அந்த நாட்டில் பாதை நடக்கிறவர்களுக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. வழியில் படலையோ கதவோ இருந்தால், திறந்திருந்ததைத் திறந்தபடியும் பூட்டியிருந்ததைப் பூட்டினபடியும் விட்டுவிட்டுப் போக வேண்டும். அதை அவர்கள் சுகிர்தாவின் குசினியிலும் ஒரு பிசகில்லாமல் கடைப்பிடித்தார்கள். ஒருநாள் அவள் அவசரத்தில் பிரிட்ஜ் கதவைச் சாத்த மறந்து வேலைக்குப் போய்விட்டாள். பின்னேரம் வந்து பார்த்தால், ஊர் பாதியும் அந்த வழியால் போய் வந்திருக்கிறது, சேற்றுத்தடம் சாட்சி, ஒரு ஆள் அந்தக் கதவைச் சாத்தவில்லை. பால் திரைந்து, மீன் நாறி, தயிர் தண்ணியாகிக் கிடந்தது. மார்ஜரியிடம் போய்க் கத்தினாள். மார்ஜரி முகம் வெளிறி, "திறந்துதானே இருந்தது, சுகிர்தா" என்றாள்.

"அப்ப நான் கதவைப் பூட்டிப்போட்டுப் போறன்."

"அது ஏலாது, கண்ணா. பொதுப்பாதையை மறிச்சால் சட்டப்படி குற்றம். நான் உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன்."

ஊர்ச்சபை கூடியது. சபையில் யாரும் பாதை வீட்டுக்குள் எப்படி வந்தது என்று கேட்கவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் நடந்து களைத்தவர்கள் இருக்க ஒரு வாங்கு போடலாமா, அதில் யாருடைய ஞாபகத்துக்குப் பெயர் பொறிக்கலாம், நாய்க்கழிவுப் பெட்டியை வாசலில் வைப்பதா கடப்படியில் வைப்பதா என்றெல்லாம் மெதுவாக, ஒருவரை ஒருவர் குறுக்கிடாமல் விவாதித்தார்கள். கவுண்டிக் கந்தோரிலிருந்து பாதைகளுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் வந்து அளவுநாடா பிடித்தார், அவள் கொடுத்த கோப்பியைக் குடித்தார், மஞ்சள் அம்புக்குறியைப் பிரிட்ஜில் இறுக்கிவிட்டு, வழி தெளிவாகத் தெரியவேண்டும், அதனால் அதில் காந்தம் எதுவும் ஒட்டி மறைக்கவேண்டாம் என்று பணிவாகக் கேட்டுக்கொண்டார். கோடை வந்ததும் தூர இடங்களிலிருந்து தடித்த சப்பாத்தும் தோள்பையும் போட்டவர்கள் எல்லாம் வரத் தொடங்கினார்கள். குசினிப் பகுதி மிக மணமாக இருந்தது என்று போய் மற்றவர்களுக்கும் சொன்னார்கள்.

ஹரோவிலிருந்து தமக்கை பவளம் நாளாந்தம் போன் எடுத்தாள். "விசரே உனக்கு? சேத்துக்காலோட கண்டவன் நிண்டவனெல்லாம் குசினிக்குள்ளால போறான், நீ கறி காய்ச்சிக்கொண்டு நிக்கிறாய். வித்துப்போட்டு இஞ்ச வா."

"பாதை போற வீட்டை ஆரக்கா வாங்குவினம்?"

"அப்ப விட்டுட்டு வா. உதென்ன பெரிய மாளிகையே?"

"ஒருக்கா விட்டுட்டு வந்ததே போதும்" என்றாள் சுகிர்தா. பவளம் அதோடு வேறு கதைக்குப் போனாள். இரண்டு பேருக்கும் பிறந்த வீடு ஒன்றுதானே.

அந்த வீடு ஊரில், இலுப்பையடி ஒழுங்கை என்கிற ஒடுக்கமான தெருவின் முடிவில் இருந்தது. ஒரு காலை ஆமிக்காரர் வந்து எழும்பிப் போகச் சொன்னார்கள், கொஞ்ச நாளில் திரும்பி வரலாம் என்றார்கள், பிறகு ஒழுங்கையின் வாயில் கம்பி கட்டினார்கள், கம்பிக்குப் பக்கத்தில் பலகை. அம்மா கடைசிவரை அந்தக் கம்பிக்கு இங்கால் ஒரு வாடகை வீட்டில் இருந்து, ஒழுங்கையைப் பார்த்துப் பார்த்தே கண்ணை மூடினாள். அப்போதும் ஊர்ச்சனம் நல்ல சனம்தான், வாயைத்தான் திறக்கவில்லை.

இதெல்லாம் பெல்லமிக்கு எங்கே தெரியும். அவர் ஒரு சனிக்கிழமை, எல்லாரையும் போல முன்வாசலால் பாதைமேல் நடந்து வந்து, எல்லாரையும் போலப் பின்வாசலால் போகாமல், மேசையடியில் நின்றார். சப்பாத்தில் ஒரு பொட்டுச் சேறில்லை. கையில் ஒரு தாள்.

"மிஸஸ் அருந்தவம், உங்களுக்கு நடக்கிறது பெரிய அநியாயம்" என்றார். "இந்தப் பாதையை முழுசாக மூடச்சொல்லிக் கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. வீட்டுக்காரி நீங்கள் கையெழுத்து வையுங்கோ, வயல்காரன் நானும் வைக்கிறன். வரைபடத்தில இருந்து எடுத்துவிடுவினம். பிறகு அது இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. உங்களுக்கும் அமைதி, எனக்கும் அமைதி."

"அப்ப ஆத்துக்கு என்னெண்டு போறது?"

"ஆறு எங்கேயும் ஓடிப்போகாதே" என்று சொல்லிவிட்டு, ஓடுகிற ஆற்றைப் பற்றி இப்படிச் சொல்லிவிட்டோமே என்று தானே சிரித்தார். "பெரியவீதிப் பாலத்தில காரை நிப்பாட்டினால் நல்லாத் தெரியும்."

சுகிர்தா தாளைப் பார்த்தாள். அவளுக்கு ஆசை வரவில்லை என்று சொன்னால் பொய். கதவைப் பூட்டி, தரையைக் கழுவி, ஒரு நாளாவது தன் குசினியில் தனியாக இருந்து ஒரு கோப்பை தேத்தண்ணி குடிக்கிறதற்கு அவள் எதையும் கொடுத்திருப்பாள். அந்த ஆள் நல்ல பேனாவும் நீட்டினார். பின்கதவால் ஆறு தெரிந்தது, காலை வெயில் பட்டு.

"தாளை வைச்சிட்டுப் போங்கோ" என்றாள். "எல்லை நடக்கிற நாளண்டு வாங்கோ, தாறன்."

எல்லை நடக்கிறது என்பது அந்த ஊரின் பழைய வழக்கம். வருஷத்தில் ஒரு ஞாயிறு, பாதிரியார் முன்னே போக, ஊரே திரண்டு பொதுப்பாதையின் முழு நீளத்துக்கும் நடக்கும். சின்னப்பிள்ளைகள் வில்லோ மரத் தடிகளை வைத்துக்கொண்டு வழியில் வருகிற எல்லைக்கல், மரம், கம்பம் ஒவ்வொன்றையும் அடித்து அடித்துப் போவார்கள், பாதை பாதையாகவே இருக்கவேண்டும் என்பதற்காக. அந்த வருஷம் பாதை எந்த வழியால் போனதோ அந்த வழியால்தானே எல்லை நடையும் போகும். ஞாயிறு காலை நெதர்கோம் முழுவதும் சுகிர்தாவின் வாசலிலிருந்து வீதிவரை வரிசையில் நின்றது.

அவள் விடியவே எழும்பி உழுந்து ஆட்டி வடை சுட்டாள். குசினிக்குள் நிறைந்த சனத்துக்கு ஆளுக்கொன்று கொடுத்தாள். சுடச்சுட வாங்கி ஊதி ஊதித் தின்றார்கள், பிள்ளைகள் பிரிட்ஜைத் தடியால் தட்டினார்கள், அம்புக்குறி இருக்கிறதே. பெல்லமியும் வந்தார், தாளை வாங்க. சுகிர்தா அவருக்கும் இரண்டு வடை எடுத்து, எண்ணெய் ஊறின தாளோடு அவர் கையில் வைத்தாள். அவர் குனிந்து பார்த்தார். தான் அச்சடித்துக் கொண்டுவந்த தாள்தான், கையெழுத்து வைக்கிற இடத்தில் எண்ணெய் நல்லாய்ப் படர்ந்திருந்தது.

"சூடு, கவனம்" என்றாள் சுகிர்தா. பிறகு ஏப்ரனால் கையைத் துடைத்துவிட்டு மார்ஜரியின் பக்கம் திரும்பினாள். "மார்ஜரி, உங்களிட்ட ஒரு கேள்வி. இவர்ர வயலுக்க காளை இருக்கோ?"

அலன் கூரையைப் பார்த்தார். பாதிரியார் அம்மா வடையின் ஓட்டைக்குள்ளால் எதையோ தேடினாள்.

"பலகை போட்டிருக்கு" என்றாள் மார்ஜரி.

"நான் பலகையைக் கேக்கேல்லை."

"அது... மரியாதை இல்லாத மாதிரி..."

"மரியாதை" என்றாள் சுகிர்தா. "என்ர புருஷனுக்குப் பின்னால நீங்கள் எல்லாரும் மரியாதையாத்தான் நடந்து வந்தனீங்கள், நான் மறக்கேல்லை. பேந்து அந்த மனுஷன் படுத்திருக்கிற ஆத்துக்குப் போற வழியைக் கம்பி கட்டி மறிக்க, அதுக்கும் மரியாதையா நிண்டனீங்கள். நானும் நிண்டனான். வாயைத் திறக்கிற மரியாதை ஒருத்தருக்கும் இல்லாததால, போக்கிடம் இல்லாமல் இந்தப் பாதை என்ர குசினிக்க வந்து கிடக்குது. எத்தினை மாதமா அது இஞ்ச கிடக்குது, நான் அதைச் சுத்திக் கூட்டுறன். இப்ப சொல்லுங்கோ. காளை இருக்கோ, இல்லையோ?"

பரம்பரை பரம்பரையாகத் தன் குடும்பத்தில் ஒருவரும் சொல்லாத சொல்லை மார்ஜரி சொல்ல வேண்டியிருந்தது, பாவம், கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது.

"இல்லை" என்றாள். "ஒருநாளும் இருந்ததில்லை." பிறகு, கொஞ்சம் மூச்செடுத்து, "மிஸ்டர் பெல்லமி, நீங்கள் சொன்னது பொய்" என்றாள்.

சுகிர்தா ஏப்ரனைக் கழற்றிக் கதிரையில் போட்டாள். மிச்ச வடையை ஒரு துணியில் முடிந்து எடுத்தாள், மேசை லாச்சியைத் திறந்து அருந்தவத்தின் கம்பி வெட்டுகிற குறட்டை எடுத்தாள், பின்கதவால் போகாமல், வந்த சனத்தை விலக்கிக்கொண்டு முன்கதவால் இறங்கினாள். அவள் இறங்க, பாதையும் புறப்பட்டது. தோட்டத்திலிருந்து கடப்பைத் தூக்கிக்கொண்டு, பின்படி ஏறி, அடுப்புக்கும் மேசைக்கும் நடுவால் புல்லும் காஞ்சொறியும் மழைக்குழியுமாகச் சரசரவென்று இழுபட்டு, வாசல்படியால் இறங்கி, அவளுடைய குதிக்காலுக்குப் பின்னாலேயே வந்தது. சனம் அதற்கு இடம்விட்டு இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றது. காலை மிதித்துவிட்டதோ என்று அலன் அதனிடமும் ஒரு மன்னிப்புக் கேட்டார். பிறகு எல்லாரும் அதன்மேல் ஏறி நடந்தார்கள். தபால்பெட்டியைத் தாண்டி, பப்பைத் தாண்டி, சேர்ச்சைச் சுற்றிக்கொண்டு, வயலின் வாயிலுக்கு வந்தார்கள்.

பெல்லமி காரில் சுற்றி வந்து கம்பிக்கு அங்கால் நின்றார். கையில் இன்னும் வடையும் தாளும் இருந்தது, எங்கே வைப்பது என்று தெரியவில்லைப்போல.

"இது என்ர நிலம்" என்றார்.

"நிலம் உங்கடைதான்" என்றாள் சுகிர்தா. "பாதை உங்கடை இல்லை."

குறடு துருப்பிடித்திருந்தது, அருந்தவம் போன பிறகு யார் அதற்கு எண்ணெய் விட்டது. இரண்டு கையாலும் அமுக்கினாள், கம்பி அசையவில்லை. அவளுடைய கை நோக நோக, முப்பது வருஷக் கோபமும் அந்தக் கைக்கு இறங்கி வந்தது. திரும்ப அமுக்கினாள், முதல் கம்பி அறுந்து சுருண்டது. அதற்குள் மார்ஜரி பக்கத்தில் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, மற்றப் பிடியில் கையை வைத்திருந்தாள். கடைசிக் கம்பி விழுந்ததும் பாதை அவர்களை முந்திக்கொண்டு வயலுக்குள் இறங்கி, தன் பழைய இடத்தில், ஒரு அங்குலம் பிசகாமல் போய்ப் படுத்தது. பிள்ளைகளுக்குக் காளைப் பலகையும் ஒரு எல்லைக்கம்பம்தான். வழக்கப்படி எல்லாரும் தடியால் அடித்தார்கள், அது விழுந்த பிறகும் அடித்தார்கள், பெரியவர்கள் ஒருவரும் தடுக்கவில்லை.

ஆற்றங்கரையில் சுகிர்தா முடிச்சை அவிழ்த்து, ஒரு வடையைத் தண்ணியில் விட்டாள். "ஆறிப்போச்சு, குறை நினைக்காதேங்கோ" என்றாள் அருந்தவத்திடம், அழுதாள், மூக்கைச் சீறினாள், ஊர் மறுபக்கம் திரும்பி நின்று ஆற்றில் வாத்து வந்ததைப் பற்றிக் கதைத்தது.

வீட்டுக்கு வந்தபோது குசினித் தரை காய்ந்து, வெறும் தரையாகக் கிடந்தது. அவள் கதவைப் பூட்டினாள், தனியாக இருந்து தேத்தண்ணி குடித்தாள். நல்லாய்த்தான் இருந்தது. குடித்து முடிந்ததும் எழுந்துபோய்க் கதவைத் திறந்து வைத்தாள், மார்ஜரி கட்டாயம் வருவாள், கையில் கொப்புளம் என்று காட்ட.

பவளம் போன் எடுத்தாள். "பாதை போயிட்டுதாமே. இனி நல்ல விலைக்கு வித்துப்போடலாம்."

"நான் எழும்பமாட்டன் அக்கா" என்றாள் சுகிர்தா. "இனி ஒரு இடத்தில இருந்தும் எழும்பமாட்டன்."

கந்தோர் உத்தியோகத்தர் அம்புக்குறியைக் கழற்ற வந்தார். கழற்ற அவள் விடவில்லை. இடம் மாறித் திரும்பின பாதையை வரைபடத்தில் புதிதாகப் பதியவேண்டுமாம், ஒரு பெயர் வேண்டுமாம், அது சுகிர்தா வைக்கவேண்டிய பெயர் என்று ஊர்ச்சபை முடிவெடுத்திருந்தது. அவள் சொன்னாள். அவர் எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டு போனார். இப்போது வயலின் வாயிலில் காளைப் பலகை நின்ற அதே குழியில் மரக்கம்பம் ஒன்று நிற்கிறது, 'இலுப்பையடி ஒழுங்கை' என்று பொறித்து. அலன் அதைச் சொல்லப் படுகிற பாட்டை நாய்கூட நின்று பார்க்கும். அந்தப் பெயரில் உலகத்தில் இரண்டு ஒழுங்கை இருக்கிறது. ஒன்றில் இன்னும் கம்பி நிற்கிறது. மற்றதில், லாச்சியில் எண்ணெய் போட்ட குறட்டை வைத்துவிட்டு, சுகிர்தா அமாவாசைக்கு அமாவாசை நடந்து போகிறாள்.